அம்மாவோடு பழைய கோவாவுக்கு

நவம்பர் 21, வெள்ளி: மட்காவ், பணஜி

"பழைய கோவாவுக்கு ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்துக்கு பீச்சுக்குப் போங்க." விசாரித்த இடமெல்லாம் இதே பதில்தான். அம்மாவிடம் போய் பீச் என்று சொல்லிப் பாருங்கள். முட்டத்தில் பிறந்து குளச்சலில் வாக்கப்பட்டவள். "கடலப் பாக்கவா ஒரு ராத்திரியும் பகலும் ரயில்ல குத்த வச்சிருக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்குப் போக வேண்டியது சவேரியாரிடம் மட்டும்தான்.

பழைய கோவாவில் போம் ஜேசு பசிலிக்காவில் இருக்கும் புனித சவேரியாரின் (பிரான்சிஸ் சேவியர்) உடலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு கீழே இறக்கி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செ கதீட்ரலில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கடைசியாக வைத்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. ஊரிலிருந்து வேன் வேனாகப் போனார்கள். அம்மா அப்போது முழங்கால் வலியோடு கட்டிலில் கிடந்தாள். இனி 2034இல்தான். "அதுவரைக்கும் யாரு கண்டா? பெட்டியையாவது பாத்துட்டு வருவோம் மக்ளே" என்றாள்.

திருநாள் டிசம்பர் 3. அன்றைக்குப் போனால் கூட்டத்தில் நிற்கக்கூட அவளால் முடியாது. அதற்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்குவது நவம்பர் 24. அதனால் இப்படித் திட்டம் போட்டோம்: முதலில் கூட்டமில்லாத கோயில், பிறகு நவநாளின் முதல் பூசை, அன்று மாலையே ரயில்.

ரயில் மங்களூரைத் தாண்டியதும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு, பெயரே படிக்க முடியாத ஸ்டேஷன்களில் நின்று, சாயங்காலம் சேர வேண்டிய வண்டி மட்காவ் சேரும்போது இரவு பத்தேகால். பஸ் இல்லை. டாக்சிக்காரர் பணஜிக்கு 2,000 கேட்டார். அம்மா தமிழிலேயே பேரம் பேசி 1,700க்கு இறக்கினாள். எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இந்தி தெரியாது. முழங்காலைத் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான்.

பணஜியில் இந்த வாரம் சர்வதேசத் திரைப்பட விழா. மாண்டவி ஆற்றங்கரை முழுக்க விளக்கு, தோரணம், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம். அறை வாடகையெல்லாம் ஏறிக் கிடந்தது. தரைத்தளத்தில் அறை என்று போனில் உறுதி சொன்ன லாட்ஜில் போய் நின்றால், சாவியோடு மூன்றாம் மாடியைக் காட்டுகிறார்கள். லிஃப்ட் கிடையாது. வரவேற்பில் இருந்த பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டான், பேச்சுக்கே இடமில்லை. அம்மா ஒவ்வொரு படிக்கும் ஒரு "யேசுவே" சொல்லி ஏறினாள். சாப்பாட்டுக் கடைகள் மூடியாயிற்று. வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியில் நாலு மிஞ்சியிருந்தது. மிளகாய்ப்பொடிதான் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 22, சனி: போம் ஜேசு

விடியும்போதே தெருவில் பாங் பாங் என்று ரப்பர் ஹாரன். எட்டிப் பார்த்தால் ரொட்டிக்காரர். சைக்கிளின் பின்னால் பெரிய கூடை, மேலே நீல பிளாஸ்டிக் ஷீட். அம்மா மாடியிலிருந்து இரண்டு விரல் காட்ட, அவர் தலையசைத்து லாட்ஜ் பையன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போயி என்கிற ரொட்டி. மேலே தவிடு ஒட்டியிருக்கும், உள்ளே பொள்ளல், பிய்த்தால் ஆவி வரும். கீழே டீக்கடையில் பட்டாணியும் தேங்காயும் அரைத்துவிட்ட ஒரு கறி, தட்டு 50 ரூபாய். அதைப் போயிக்குள் அடைத்துச் சாப்பிட்ட அம்மா, "கொள்ளாம். ஆனா தேங்காய வறுக்கல" என்று தீர்ப்பு சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பழைய கோவாவுக்கு மினி பஸ்கள் ஓயாமல் கிளம்புகின்றன. பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, ஆளுக்கு 20 ரூபாய். கண்டக்டர் எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மட்டும், ஜன்னலோரம் போனில் மூழ்கியிருந்த பையனைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு உட்கார வைத்தார். அந்தப் பையன் கோபப்படவும் இல்லை. பஸ் ரிபந்தர் வரை போகும் நீண்ட கல் சாலையில் ஓடியது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் உப்பளமும் அலையாத்திக் காடும். 1634இல் போர்த்துக்கீசியர் கட்டி முடித்த பாதை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், இன்றைக்கும் அதன் மேல்தான் பஸ் போகிறது.

இறங்கியதும் வலப்பக்கம் சிவப்பாக நின்றது போம் ஜேசு பசிலிக்கா. சுற்றியிருக்கும் மற்ற கோயில்களெல்லாம் வெள்ளை. இது மட்டும் வெட்டுக்கல் தெரிய, பூச்சில்லாமல் நிற்கிறது. அம்மாவின் முதல் கேள்வியே அதுதான்: "பூசாம போட்டுட்டாவளா? துட்டு தீந்து போச்சோ?"

துட்டு தீரவில்லை. 1950கள் வரை இதுவும் வெள்ளைதான். போர்த்துக்கீசிய அரசு அனுப்பிய ஒரு கட்டடக் கலைஞர், கல் தெரிந்தால் பழமை தெரியும் என்று பூச்சை உரித்துவிட்டார். வெட்டுக்கல் மழை குடிக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிறது: சுவரின் கீழ்ப்பகுதியில் கல் பொரிந்து, விரல் வைத்தால் செம்மண்ணாக ஒட்டுகிறது. மறுபடி பூச வேண்டும் என்று கோயில் தரப்பிலேயே அண்மை ஆண்டுகளில் குரல் எழுந்திருக்கிறது. இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஊர்ப்பட்ட பேர் படம் எடுக்கிறார்கள், எனக்கும் அது பிடிக்கத்தான் செய்தது. ஆனாலும் பூசுவதுதான் சரி என்று படுகிறது. கோவா மழையில் எழுபது வருடம் சட்டையில்லாமல் நின்ற சுவர் அது.

வாசலில் ஒரு பலகை. அரை டிராயர், கையில்லாத சட்டை கூடாது. பீடத்தின் முன் நின்று போஸ் கொடுத்துப் படம் எடுக்கக் கூடாது. காவலுக்கு நின்றவர் இந்த இரண்டாவது விதிக்காகவே காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார் போல, குரல் கம்மிவிட்டது.

உள்ளே போனால் கண் கூசுகிறது. பிரதான பீடம் தரையிலிருந்து கூரை வரை தங்க முலாம். நடுவில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் பெரிய சுரூபம். அவர் காலடியில் சின்னதாகக் குழந்தை யேசு. கோயிலே குழந்தை யேசுவின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவு. சவேரியார் இருப்பது பீடத்துக்கு வலப்பக்கச் சிற்றாலயத்தில்.

பலரும் எதிர்பார்த்துப் போய் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உடல் இருக்கும் வெள்ளிப் பேழை, மூன்று அடுக்கு பளிங்கு மேடையின் உச்சியில் இருக்கிறது. நாம் கீழே கயிற்றுக்கு வெளியே நின்று கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டும். பேழையின் பக்கங்களில் கண்ணாடி உண்டு. ஆனால் கீழிருந்து பார்த்தால் அதில் தெரிவது விளக்கு வெளிச்சம் மட்டும்தான். வெள்ளிப் பேழை கோவா தட்டார்களின் வேலை, 1637இல் முடித்தது. சவேரியாரின் வாழ்க்கையை 32 வெள்ளித் தகடுகளில் அடித்திருக்கிறார்கள். கீழே உள்ள பளிங்கு மேடை இத்தாலியிலிருந்து வந்தது. டஸ்கனி நாட்டு மன்னர் மூன்றாம் கோசிமோ, புனிதரின் தலைக்கு வைத்திருந்த தலையணை தனக்குக் கிடைத்ததற்குக் கைமாறாக, ஃபோஜினி என்ற சிற்பியிடம் செய்யச் சொல்லி அனுப்பினார். பத்து வருட வேலை. 1698இல் இங்கே பொருத்தினார்கள். ஒரு தலையணைக்கு இவ்வளவு பளிங்கா என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தலையணை கிடைத்தவன்தான் லாபம் அடைந்தவன்.

நாங்கள் நின்ற நேரத்தில் ஒரு வேன் கூட்டம் வந்தது. வழிகாட்டி இந்தியில் ஒரே மூச்சில் சொன்னார்: சீனாவுக்குப் பக்கத்துத் தீவில் இறந்தார், சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள், தோண்டினால் உடல் அப்படியே இருந்தது, ஒரு போர்த்துக்கீசியப் பெண் முத்தமிடும் சாக்கில் கால்விரலைக் கடித்து எடுத்துவிட்டாள். கால்விரல் கதைக்குக் கூட்டம் சிரித்தது, படம் எடுத்தது, போய்விட்டது. மொத்தமும் பத்து நிமிடம். சவேரியார் இறந்தது 1552 டிசம்பர் 3, சாங்சுவான் தீவில். மலாக்கா வழியாக 1554இல் உடல் கோவா வந்தது. வலது கையை 1614இல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இயேசு சபையாரின் ஜேசு ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "ஞானஸ்நானம் குடுத்த கையில்லா அது. நம்மாட்களுக்குக் குடுத்த கை."

அவள் சொன்னது சரித்திரப்படியும் சரி. 1542இல் கோவாவில் இறங்கிய சவேரியார், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நான் அதைச் சொல்லி முடிக்கும் முன் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே தமிழில் ஆரம்பித்துவிட்டாள். தன் முழங்கால், தம்பியின் வேலை, பக்கத்து வீட்டு ரோஸம்மாவின் ஆபரேஷன், எல்லாம். கம்மிய குரல்காரர் எங்களை நகர்த்த வந்தவர், அவள் முடிக்கும்வரை தள்ளி நின்றார்.

கீழிருந்து பார்த்து முடிந்ததும் மேல்மாடி ஓவியக் கூடத்துக்கு ஏறுங்கள். அங்கே ஒரு ஜன்னல் வழியாகப் பேழையை அதன் உயரத்திலேயே பார்க்கலாம். வேன் கூட்டத்தை யாரும் அங்கே கூட்டிப் போகவில்லை. அம்மா மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "லாட்ஜுல ஏறினது போதும்" என்று முதலில் மறுத்தாள். பிறகு ஏறினாள். வெள்ளி கறுத்திருந்தது. மூலைகளில் சிறிய சம்மனசுகள் (வானதூதர்கள்), தகட்டில் படகுபோல ஏதோ ஒன்று, ஓரத்தில் தூசு. "தூசி தட்ட ஆளில்லியா?" என்றாள் மெதுவாக.

வெளியே வந்தால் மெழுகுதிரிக்காரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள். கேட்காமலேயே திரியையும் பூவையும் கையில் திணித்துவிட்டு அப்புறம் நூறு ரூபாய் என்பார்கள். மெழுகில் வார்த்த உறுப்புகளும் உண்டு: கை, கண், இதயம், குழந்தை. அம்மா ஒரு கால் வாங்கினாள். விரல் நகம் வரை வார்த்திருந்தார்கள், ஆனால் முழங்கால் இல்லை, அதற்குக் கீழேதான். "வலி மேலயில்லா இருக்கு" என்று நீண்ட பேச்சுவார்த்தை. கடைசியில் தொடை வரை உள்ள கால் ஒன்றை அந்த அம்மாள் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்தாள். அறுபது ரூபாய்.

மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. நவம்பர் என்று நம்பி வர வேண்டாம், ராத்திரியில்தான் குளிர். சாலையோரக் கடை ஒன்றில் மீன் சாப்பாடு, 220 ரூபாய். சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அயலைக் குழம்பு, நெத்திலி வறுவல், காய்ந்த இறால் பொடித்துத் தேங்காயோடு பிசைந்த தொடுகறி, இளஞ்சிவப்பில் சோல்கடி என்ற பானம். சோல்கடியில் புளிப்பு கோகம் பழத்துடையது, நம் கொடம்புளிக்கு உறவு. குழம்பை ருசித்துவிட்டு அடுக்களைக்குள்ளேயே போய்விட்டாள். அங்கே இருந்த பெண்ணும் இவளும் ஆளுக்கொரு பாஷையில் பத்து நிமிடம் பேசினார்கள். வெளியே வரும்போது தட்டில் இன்னொரு அயலை இருந்தது. பில்லில் அது இல்லை.

பிறகு செ கதீட்ரல். 1562இல் தொடங்கி 1619இல் உருவானது, ஆசியாவின் மிகப் பெரிய கோயில்களில் ஒன்று. முகப்பில் ஒரு பக்கம் மட்டும் கோபுரம் இருக்கிறது, மற்றது 1776இல் விழுந்துவிட்டது. திரும்பக் கட்டவில்லை. தங்கமணி என்று பெயர் பெற்ற மணி மீதிக் கோபுரத்தில் தொங்குகிறது. உள்ளே சவேரியார் ஞானஸ்நானம் கொடுக்கப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கல்தொட்டி. அம்மா அதன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்து மணி வாக்கில் மறுபடி போம் ஜேசுவுக்கு வந்தோம். வேன்களெல்லாம் போய்விட்டன. புல்தரையில் நவநாள் பந்தலுக்குத் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் அந்தக் கல்லில் விழும்போது நிறம் வேறாகிவிடுகிறது. ஆறு மணிப் பூசைக்கு உள்ளூர்க்காரர்கள் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். பகலில் பார்த்ததும் இதுவும் ஒரே கோயிலா என்று இருந்தது. ஒரு மணி நேரம் போதும் என்று சொன்னவர்கள் வந்தது பதினோரு மணிக்காக இருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு: புனித மலை, திவார்

கிறிஸ்து அரசர் திருநாள். பணஜியில் அமலோற்பவ மாதா கோயில் பூசை. படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், முன்னால் வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைப் படிக்கட்டு. அம்மா படிகளை எண்ணக்கூட மறுத்துவிட்டாள். பூசைக்கு வந்த ஒரு தம்பதி, பக்கவாட்டில் மேடு குறைந்த வழியைக் காட்டிக் கூடவே நடந்தார்கள். மேலே தொங்கும் பெரிய மணி இந்தக் கோயிலுக்காகச் செய்ததல்ல. பழைய கோவா அகுஸ்தினார் கோயில் பாழானபின் அங்கிருந்து வந்தது. அதன் ஓசையைக் கேட்டுவிட்டு அதன் பழைய வீட்டைப் பார்க்கப் போனோம்.

அதுதான் இந்தப் பயணத்தில் என்னை உலுக்கிய இடம். புனித மலை என்று சொல்லும் சின்ன மேடு. மேலே 46 மீட்டர் உயரக் கோபுரத்தில் பாதி மட்டும் நிற்கிறது. நெடுக்குவாட்டில் பிளந்த பாதி. அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1602இல் கட்டி முடித்த கோயில். 1835இல் போர்த்துக்கீசிய அரசு துறவு சபைகளை ஒழித்ததும் கைவிடப்பட்டது. 1842இல் கூரை விழுந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. இப்போது கூரையில்லாத தரையில் கல்லறைப் பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன, மேலே கேடயச் சின்னங்கள், தேய்ந்த எழுத்துகள். நடக்க வேறு வழியில்லாமல் அவற்றின் மேலேதான் நடக்கிறோம். அம்மா ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் போனாள், அரை மணி நேரம் அதிகமாயிற்று.

இந்த இடிபாட்டில்தான் ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தவான் எலும்பைத் தேடினார்கள். பாரசீக மன்னன் மதம் மாறச் சொல்லி 1624இல் ஷிராஸில் கொன்ற ராணி. அகுஸ்தினார் சபைத் துறவிகள் உடலின் ஒரு பகுதியை இங்கே கொண்டுவந்து ஒரு ஜன்னலருகில் வைத்ததாகப் பழைய ஆவணம் சொன்னது. ஜன்னல் எது என்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்காகத் தோண்டினார்கள். 2005இல் எலும்பு கிடைத்தது, பிறகு மரபணுச் சோதனை உறுதி செய்தது. 2021இல் இந்தியா அதை ஜார்ஜியாவுக்கே கொடுத்துவிட்டது. காவலாளி இந்தக் கதையை இந்தியில் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "அந்த ராணிய மட்டும் வீட்டுக்கு அனுப்பிட்டாவ, பாரு" என்றாள் அம்மா.

இவ்வளவு கோயில்கள் இருக்கும் ஊரில் ஒரு தெரு இல்லை, வீட்டு வரிசை இல்லை என்பது மேட்டில் நின்றால்தான் உறைக்கிறது. தென்னையும் புதரும்தான். ஒரு காலத்தில் லிஸ்பனோடு போட்டி போட்ட தலைநகரம். கொள்ளை நோயும் மலேரியாவும் ஆளை விரட்டின. அதிகாரிகள் ஆற்றுவழியே பணஜிப் பக்கம் நகர, 1843இல் அதுவே தலைநகரமாயிற்று. பழைய வீடுகளின் கல் புது வீடுகளுக்குப் போயிற்று. கோயில்கள் மட்டும் நின்றுவிட்டன. 1560இலிருந்து 1812 வரை, இடையில் சில வருடங்கள் தவிர, கிறிஸ்தவ நெறியிலிருந்து விலகியதாகச் சொல்லி ஆட்களை விசாரித்துத் தண்டித்த மத விசாரணை மன்றம் நடந்ததும் இங்கேதான். கதீட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மாளிகை இப்போது இல்லை. அந்த மன்றத்தைக் கொண்டுவரச் சொல்லி 1546இல் மன்னருக்குக் கடிதம் எழுதியவர்களில் சவேரியாரும் ஒருவர். இதை அம்மாவிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கும் சேத்து செபிப்போம்" என்றாள்.

மதியத்துக்குமேல் வைஸ்ராய் வளைவைத் தாண்டி ஆற்றங்கரைக்கு நடந்தோம். திவார் தீவுக்கு ஃபெர்ரி. நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை. பைக்குகள், ஒரு கார், ஒரு நாய், நாங்கள். நாய் எங்களைவிடப் பழக்கப்பட்டது, பலகை இறங்கும் முன்பே முன்னால் போய் நின்றது. ஆற்றின் நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தால் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரங்கள் மட்டும். கப்பலில் வந்தவர்கள் பார்த்த காட்சி இதுவாகத்தான் இருக்கும்.

திவாரில் நடக்கும்போது அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் திரும்பப் போய், செம்புக் கம்பியும் குறடும் எடுத்து வந்து தைத்துக் கொடுத்தார். குடிக்க வெள்ளம் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். காசு கொடுக்கலாமா என்று நான் பையில் கை வைத்ததும் முகம் மாறியது. எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, ஞாயிறு ஆனதால் பஸ்ஸும் குறைவு. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் கொசுக்கடி. வந்த ஒரே பஸ் நிற்காமல் போனது. ஒரு பழைய ஆம்னி வேன் நின்று, உள்ளே இருந்த தம்பதி பணஜிக்கா என்று கேட்டார்கள். தமிழ்நாடு என்றதும், "தூத்துக்குடியா?" என்றார் அந்த அம்மாள் ஆங்கிலத்தில். திருநாளுக்கு வருடா வருடம் அந்தப் பக்கத்து ஆட்கள் வருவார்களாம், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பார்களாம். கன்னியாகுமரி என்று அம்மா திருத்தினாள். கோட்டாரிலும் சவேரியாருக்குப் பெரிய கோயில், பத்து நாள் திருநாள், மாவட்டத்துக்கே லீவு என்று அவள் அடுக்க, நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பணஜி வந்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்: நவநாள்

நாலரைக்கு எழுந்தோம். டாக்சி 600 ரூபாய், முந்தின நாளே பேசி வைத்தது, நேரத்துக்கு வந்தது. இருட்டில் ரிபந்தர் சாலையோரம் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் சின்னப் பை, கையில் டார்ச், சிலர் வெறுங்கால். பெலகாவியிலிருந்தும் சிந்துதுர்க்கிலிருந்தும்கூட நடந்தே வருபவர்கள் உண்டு என்றார் டிரைவர். அவர்கள் வந்து சேர இன்னும் சில நாள் ஆகுமாம், இது பக்கத்து ஊர்க் கூட்டம்தான்.

பந்தலில் விடியும் முன்பே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பூசை கொங்கணியில். பாட்டு தொடங்கியதும் முன்வரிசைப் பாட்டிகள் புத்தகம் பார்க்காமல் பாடினார்கள். ஜெபமாலையின்போது "நமான் மாரியே" என்று அவர்கள் சொல்ல, அம்மா அதே வேகத்தில் "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டு போனாள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தன. பக்கத்து நாற்காலிப் பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் ஜெபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இவளுடைய உதட்டையே கவனித்தாள். சமாதானம் சொல்லும் நேரத்தில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்தக் கோயிலுக்கு அடிக்கல் போட்டதும் 1594இல் இதே நவம்பர் 24இல்தான். அதைச் சொல்லலாமென்று பார்த்தால் அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பூசை முடிந்ததும் சந்தை. துணி, பாத்திரம், பிளாஸ்டிக், மரச் சாமான் என்று திருநாள் வரை விரிந்துகொண்டே போகுமாம். எங்களைப் பிடித்து நிறுத்தியது காஜே கடை. கடலைமாவைக் குச்சி குச்சியாகப் பொரித்து, இஞ்சி போட்டுக் காய்ச்சிய வெல்லப் பாகில் புரட்டி, எள்ளைத் தூவுகிறார்கள். பெரிய கடாயைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு கரண்டியால் அவர் புரட்டும் வேகத்தில் பாகு குச்சியில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. கடித்தால் முதலில் வெல்லம், அப்புறம் தொண்டையில் இஞ்சிக் காரம். கால் கிலோ 80 ரூபாய். அம்மா ஒன்றரைக் கிலோ வாங்கினாள். அருகில் விற்ற கலர் லட்டு வாயில் வைக்க விளங்கவில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பந்தலுக்கு வெளியே நிற்க முடியவில்லை. குடிநீர்க் குழாய் ஒன்றுதான் இருந்தது, வரிசை நீளம். கழிப்பறை வரிசை அதைவிட நீளம், வயதானவர்களுக்குத் தனி வழியும் இல்லை. நவநாளுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் பூசைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாயங்காலம் மட்காவ் ஸ்டேஷனில் தங்கச்சியிடமிருந்து வீடியோ கால். கோட்டாரில் கொடியேறுகிறது. செண்டைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, கொடி மட்டும் ஆடி ஆடி மேலே போனது. அம்மா பிளாட்பாரத்திலேயே எழுந்து நின்று சிலுவை போட்டாள். டீ விற்றுக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று எட்டி போனைப் பார்த்தார். பத்தாம் திருநாளுக்குள் முழங்காலைச் சரிப்படுத்திவிட வேண்டுமாம், தேருக்குப் பின்னால் நடக்கணும்.

வண்டியில் எதிர் இருக்கையில் திருநெல்வேலிக் குடும்பம். கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறார்கள். சவேரியார் கோயிலுக்குப் போகவில்லை, அடுத்த வருடம் போகலாமென்று இருக்கிறார்களாம். "ஒடம்பு தெரியுமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பெட்டிதான் தெரியும். மாடில ஒரு ஜன்னல் இருக்கு, அங்க ஏறிப் பாருங்க. பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க. காலைல வெள்ளன போணும், இல்லன்னா அஞ்சு மணிக்கு மேல. தரைத்தளம்னு போன்ல சொன்னா நம்பாண்டாம்." அம்மா காஜே பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் பிள்ளைகளுக்கு நீட்டினாள். "பொறவு, வெளிய மெழுகுக் கால் விப்பாவ. நூறு சொல்லுவாவ. முப்பதுக்கு மேல ஒத்தப் பைசா குடுக்காதீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.